கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவுல

லோகு முதல்ல அவன் வீட்டு வாசப்படியில நின்னான், அப்பறம் தண்ணிக் குழாய்கிட்ட நின்னான், ரெண்டுக்கும் நடுவுல நடக்கவே இல்ல, அதை முதல்ல பாத்தது நான்தானுங்க, பாத்ததும் எனக்கு வந்துது பாருங்க ஒரு ஆத்தரம், ஏன்னா குழாயில அப்ப என்ற முறை. "ஏன்டா, வரிசைன்னு ஒண்ணு இருக்குதா இல்லயா, எங்கிருந்துடா வந்து பூந்த?"ன்னு கொடத்தை ணங்குன்னு வெச்சேன். அவன் திருதிருன்னு முழிச்சான். "நடந்துதான் வந்தேன் மரகதக்கா"ன்னான். பொய் சொல்ற மூஞ்சி எனக்குத் தெரியும், அது அந்த மூஞ்சி இல்ல. பொழுது எறங்கறதுக்குள்ள இன்னும் பல பேரு பாத்துட்டாங்க, வாசல்ல இருந்தவன் தொவைக்கற கல்லுகிட்ட இருந்தான், கல்லுகிட்ட இருந்தவன் தெருக் கேட்டுகிட்ட இருந்தான், பஞ்சாயத்து வீட்டுக்காரர் சென்னியப்பன்கிட்டப் போச்சு, அவரு பல்லைக் குத்திக்கிட்டே கேட்டுட்டு, "நடந்து வந்தா முறைப்படி தண்ணி, நடக்காம வந்தா கடைசிக் கொடம்"னு தீர்ப்பு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. காம்பவுண்டும் அதோட அந்தப் பேச்சை முடிச்சுக்கிட்டுது.

திருப்பூர்ல காம்பவுண்டு வீடுன்னா நடுவுல ஒரு வாசல், சுத்தியும் ஒத்தை ஒத்தை ரூமு, எல்லாத்துக்கும் சேத்து ஒரே குழாய், ஒரே தொவைக்கற கல்லு, ஒருத்தர் வீட்டுல கொழம்பு கொதிச்சா எல்லாரு வீட்டுலயும் பசிக்கும். எல்லாரும் பனியன் கம்பெனிதான். நான் செக்கிங். லோகு ஓவர்லாக் டெய்லர், கை வேகம்னா அப்படியொரு வேகம். அவன் பொண்டாட்டி கலாமணி, தைச்ச பீஸை வாங்கி மடிச்சுக் குடுக்கற கைமடி வேலைக்கு வந்துட்டிருந்தவ, மாசமானதும் நின்னுட்டா. எதுத்த ரூமு துரைப்பாண்டி கட்டிங் மாஸ்டர், தேனிப் பக்கம், கல்யாணத்துக்குச் சேத்த காசுல பெரிய டிவி வாங்குனவன். அந்த டிவியிலதான் எல்லாம் ஆரம்பிச்சுது.

ஆர்டர் இல்லாம கம்பெனியெல்லாம் கதவைச் சாத்திக் கெடந்த சமயம் அது. வேலையில்லாத சனம் என்ன பண்ணும், துரை டிவியைக் கதவோரமாத் திருப்பி வெச்சான், நாங்க வாசல்ல பாயைப் போட்டு உக்காந்தோம். ஜப்பான்காரன் எடுத்த கார்ட்டூன் ஒண்ணு, அனிமேன்னு சொல்லோணுமாம், கார்ட்டூன்னு சொன்னா துரைக்கு ரோசம் வந்துரும். தமிழ்ல பேசுது. மணல் ஓடற ஆத்துல படகு ஓட்டற ஒரு பையன், சேவக்கொண்டையாட்டம் முடி, தங்கச்சிய அக்கரையில விட்டுட்டு வந்துட்டான், திரும்பப் போயி அவளைக் கூட்டிட்டு வரோணும், கதை அவ்வளவுதான். அதை முடியவே முடியாத மாதிரி துண்டு துண்டா எடுத்து வெச்சிருக்கான். காலையில சோறாக்கி வெச்சுட்டு உக்காந்தா பொழுது சாயற வரைக்கும் ஒண்ணு மாத்தி ஒண்ணு, ஒண்ணு மாத்தி ஒண்ணு, அரிசி பொடைச்சுக்கிட்டே பாத்தோம், பேன் பாத்துக்கிட்டே பாத்தோம், மூக்கைச் சிந்திக்கிட்டே பாத்தோம்.

லோகு மட்டும் அந்தக் கதைய முன்னாடியே புஸ்தகத்துல படிச்சவன். அந்தப் படக்கதைப் புஸ்தகத்துக்கு மாங்கான்னு பேராம், கேட்டதும் எனக்கு நாக்குல எச்சி ஊறுனது வேற கதை. கறுப்பு வெள்ளையில கட்டம் கட்டமா இருக்கும், போன்லயே தள்ளித் தள்ளிப் படிப்பான். அதனால ரிமோட்டு அவன் கையில. ஆரம்பப் பாட்டு வந்தா ஓட்டுவான், முன்கதை வந்தா ஓட்டுவான், கடைசியில வரைஞ்சவங்க பேரு ஓடுனா அதையும் ஓட்டுவான், புஸ்தகத்துல இல்லாத துண்டு வந்தா முழுசாவே தள்ளிருவான். அதுக்கு ஃபில்லர்னு பேரு, சும்மா இட்டு நெரப்பறது. பையன் செருப்பைத் தொலைச்சுட்டுத் தேடற துண்டு, படகுக்குத் தார் பூசற துண்டு, மழைக்கு ஒதுங்கிக் கஞ்சி காச்சற துண்டு, ஒண்ணையும் நாங்க பாக்கலீங்க.

"டேய், அதுல என்னதான் இருக்குன்னு பாப்பம்டா"ம்பான் துரை.

"ஒண்ணும் இல்லண்ணா. புஸ்தகத்துல மூணு பக்கத்துல முடியற சண்டைய இவனுங்க சவ்வா இழுத்து வெச்சிருக்கானுங்க. மூலம் அதுதான், இது நகலு."

"மூலத்துல அந்தப் பய சிரிக்கிற சத்தம் கேக்குமாடா? மணலு ஓடுறது தெரியுமா?"

"கதை தெரியும்."

"கதைய வச்சு நாக்கு வழிக்கவா?"

ரெண்டு பேரும் கத்த ஆரம்பிச்சா சென்னியப்பன் வந்து கரண்டை நிறுத்திருவேன்னு மெரட்டற வரைக்கும் ஓயாது. எனக்கு யாரு கெலிச்சா என்ன, தங்கச்சி கெடைச்சாளான்னு தெரியோணும்.

ஆனா அந்தப் புத்தி டிவியோட நிக்கல. ஒரு நாளு நான் துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன், கலாமணி வாசப்படியில உக்காந்து அவன்கிட்ட ஆசையா ஆரம்பிச்சா. "மாமா, காலையில சந்தைக்கு முருங்கக்கா வாங்கப் போனனா, அங்க புதுசா ஒரு அம்மா கடை போட்டிருந்துச்சா, அது என்னையப் பாத்துட்டு..."

"விசயத்துக்கு வா கலா."

"வரேன், கேளு மாமா. அது என்னையப் பாத்துட்டு இப்படித் தலையச் சாச்சு..."

"வாங்குனயா, இல்லயா?"

"வாங்குனேன்."

"அவ்வளவுதான?"ன்னு எந்திரிச்சுப் போயிட்டான். அவ சாச்ச தலைய நிமுத்தாமயே முருங்கக்காய நறுக்க உள்ள போனா. எனக்கே பொக்குனு போச்சுங்க. அதுக்கு அடுத்த நாளுதான் லோகு நடக்காம குழாய்க்கு வந்தான்.

அப்பறம் ஆர்டர் வந்துது, கம்பெனி தொறந்துது, சனத்துக்கு மூச்சு விட நேரமில்ல, லோகு விசயத்தை யாரு பாக்கறது. கம்பெனியில அவனைத் தலையில தூக்கி வெச்சு ஆடுனாங்க. கை வெக்காத பனியன் அவன் கையில இருக்கும், கண்ணைச் சிமிட்டுனா கை வெச்ச பனியன் அவன் கையில இருக்கும், நடுவுல மிசின் ஓடுன சத்தமே கேக்காது, நானே வெளிச்சத்துல புடிச்சுப் புடிச்சுப் பாத்தேன், தையல்ல ஒரு குத்தம் சொல்ல முடியல. சூப்பர்வைசர் மத்தவங்களப் பாத்து, "நீங்களும் இருக்கீங்களே"ன்னாரு. லோகுவுக்கும் ஒரே கும்மாளந்தான், பஸ்ஸுக்கு நிக்க வேண்டாம், சம்பளத்துக்கு வரிசையில நிக்க வேண்டாம், காச்சல்ல படுத்தான்னா அடுத்தாப்ல காச்சல் விட்டு எந்திரிச்சுதான் இருப்பான். கூடவே நெறமும் எறங்க ஆரம்பிச்சுது. நீல லுங்கி சாம்பலாச்சு, நெத்தியில வெச்ச குங்குமம் கறுப்பாச்சு, கன்னத்து நெழல்ல கிட்டப் போயிப் பாத்தா பொடிப்பொடியாப் புள்ளி. சென்னியப்பன், "சோப்பை மாத்துடா"ன்னாரு. காம்பவுண்டுல யாரும் அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல, ரேசன் கடைக்காரர் மட்டும் கார்டு போட்டோ சரியாப் பொருந்துதுன்னு சந்தோசப்பட்டாரு.

கலாமணிதான் ஒரு நாளு என்ற கையப் புடிச்சா. "அக்கா, முன்ன ரெண்டு எட்டுதான் காணாமப் போவாரு. அப்பறம் கம்பெனிக்குப் போற வழி பூராவும் காணோம். இப்ப காலையில தட்டுல கைய வெக்கறாரு, நான் தட்டைக் கழுவி வெச்சு, வெளக்குப் போட்டதுக்கப்பறம் வந்து கை கழுவறாரு. நடுவுல விடற சந்து பெருசாயிட்டே போவுதுக்கா."

துரை லோகுவோட போனை வாங்கி எங்களுக்குக் காட்டுனான். ஒரு கட்டத்துல பையன் படகுல கால வெக்கறான். அடுத்த கட்டத்துல அக்கரையில நிக்கறான். ரெண்டுக்கும் நடுவுல வெள்ளையா ஒரு சந்து, வெரல் நொழையாத அளவுக்கு.

"ஆறு பூராவும் இந்தச் சந்துக்குள்ளதாம்மா கெடக்கு. படிக்கிறவன் மனசுல ஓட்டிக்குவான். இவன ஓட்டுறதுக்கு யாரு இருக்கா?"

லோகு அங்கதான் உக்காந்திருந்தான், கறுப்பு வெள்ளையா. கும்மாளமெல்லாம் போயி மூஞ்சி சுண்டிக் கெடந்துது. "எனக்கு அந்தச் சந்துல என்ன நடக்குதுன்னே தெரியறதில்லக்கா. நேத்து இவ அழுதுட்டிருந்தா, கண்ணத் தொடைக்கலாம்னு கைய நீட்டுனேன், கை போயிச் சேந்தப்ப இவ துணி மடிச்சுட்டு இருக்கறா. பெருசா ஒரு சந்து வந்துட்டா? அடுத்த கட்டத்துல என்ற கொழந்தை பள்ளிக்கூடம் போயிட்டு வந்து, இது யாரும்மான்னு கேட்டா?" அதுக்குக் கலாமணி என்னமோ சொல்ல வாயெடுத்தா, அவன் இல்ல.

பயம்னா என்னன்னு எங்க காம்பவுண்டுக்கு அப்பத்தானுங்க தெரிஞ்சுது. கோயில்ல மந்திரிச்சுக் கவுறு கட்டுனோம், கட்டுனதும் அதுவும் கறுப்பாப் போச்சு. டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு, கறுப்பு வெள்ளையில எல்லாம் நல்லாத்தான் தெரியுதுன்னாங்க. நான் ஓவர்லாக் நூலை மூணு புரியா முறுக்கி அவன் இடுப்புக்கும் வாசக்காலுக்கும் சேத்துக் கட்டுனேன், கண்ணெதுர்ல நூலு தொய்ஞ்சு தரையில விழுந்துது. சென்னியப்பன்கூட வந்து நின்னு, "இனிமே அவனுக்கு முதல் கொடம்"னாரு, அவரால முடிஞ்சது அதுதான்.

கடைசியில துரைதான் புடிவாதமா நின்னான். "அவன் தள்ளுன துண்டெல்லாம் போடுறேன், உக்காந்து பாக்கட்டும்." பாயை விரிச்சோம். பையன் செருப்பைத் தேடற துண்டு. படகுக்கு அடியில பாக்கறான், மணல்ல கைய விட்டுத் துழாவறான், தலையச் சொறியறான், வேற ஒண்ணும் நடக்கல, ஆரம்பப் பாட்டு வரும்போதே லோகு இல்ல. வெறும் பாயைப் பாத்துக்கிட்டு நாங்க உக்காந்திருந்தோம். கலாமணி அந்தப் பாயைத் தடவிக்கிட்டே தன் பாட்டுக்குப் பேச ஆரம்பிச்சா. "இருந்தா இப்ப கால நீட்டிருப்பாரு. இடது கால் பெருவெரல ஆட்டிக்கிட்டே இருப்பாரு. அப்பறம் காதுக்குள்ள வெரல விட்டுக் கொடைவாரு, கொடைஞ்சுட்டு வெரலப் பாப்பாரு."

பாயில லோகு கால நீட்டி உக்காந்திருந்தான், இடது கால் பெருவெரல ஆட்டிக்கிட்டு. காதைக் கொடைஞ்சான், வெரலப் பாத்தான். லுங்கியில நீலம் லேசா எட்டிப் பாத்துது. கலாமணி பேச்சை விட்டுட்டு அவனைத் தொடப் போனா, அவனும் போயிட்டான்.

துரை டிவியில ஓடற பேரைக் காட்டி எகிறிக் குதிச்சான், லோகு எப்பவும் தள்ளிவிடற அந்தப் பேருங்க. "பாத்தீங்களா, பாத்தீங்களா! வரையுறவிய்ங்கள்ல பெரிய ஆளு கால் எடுக்கிறத ஒண்ணு, வைக்கிறத ஒண்ணு வரைஞ்சு குடுத்துட்டுப் போயிருவான். நடுவுல அந்தக் காலு போற படத்தையெல்லாம் இவிய்ங்கதான் வரையுறாய்ங்க, ஒத்த ஒத்தையா, நம்மள மாதிரி பீஸ் ரேட்டுக்கு. நடுவுல போடுறதுக்கு ஆள் இருந்தாத்தான் அவன் நடப்பான்!"

பீஸ் ரேட்டுன்னதும் சனத்துக்குப் புரிஞ்சு போச்சுங்க. ஷிப்ட்டு போட்டோம். வாயும் வயிறுமா இருக்கறவ எவ்வளவு நேரம் பேசுவா, காலையில நான், அப்பறம் துரை, அப்பறம் அடுத்த ரூமு, கம்பெனியில பக்கத்து மிசின்காரங்க, லோகு என்ன பண்றான்னு ஒருத்தர் விட்டு ஒருத்தர் சொல்லிக்கிட்டே இருந்தோம். ஊசியில நூல் கோக்கறான், கோணிப் போச்சு, எச்சில் தொட்டுத் திரும்பக் கோக்கறான். டீயில ஆடை எடுத்து டம்ளர் வெளிம்புல ஒட்டறான். நெஜத்தைச் சொன்னாத்தான் வருவான். துரை ஒருக்கா நைசா, "லோகு இப்ப அனிமேதான் ஒசத்திங்கறான்"னு சொல்லிப் பாத்தான், லோகு பொசுக்குனு இல்லாமப் போயிட்டான், கலாமணி தொடப்பத்தை எடுத்துட்டா. அலங்காரமாச் சொன்னாலும் வரமாட்டான், அவசரமாச் சொன்னாலும் வரமாட்டான். நான் வாயாடிதான், ஆனா எனக்கு எதையும் பொறுமையாச் சொல்ல வராது, என்ற ஷிப்ட்டுல அவன் அடிக்கடி விட்டு விட்டுத்தான் தெரிவான்.

கலாமணிக்கு நோவு எடுத்த நாளு லோகு மட்டும் வீட்டுல, நாங்க எல்லாரும் கம்பெனியில இருந்தோம். விசயம் தெரிஞ்சு ஓடியாந்து பாத்தா, அவ வாசக்காலப் புடிச்சு நிக்கறா. "ஒத்தச் செருப்பப் போட்டாருக்கா, ஆட்டோ கூப்பிடறேன்னாரு, அதோட போயிட்டாரு. வந்துருவாராக்கா? வருசக்கணக்காப் போயிருவாராக்கா?" அவளை ஆட்டோவுல ஏத்துனோம். ஏறும்போது என்ற கையில அவனோட இன்னொரு செருப்பத் திணிச்சா. "அவரு இல்லாம நான் பெக்கமாட்டேன்"னா. பைத்தியக்காரி, அது என்ன நம்ம இஷ்டமா?

காம்பவுண்டு சனம் அன்னைக்குச் செஞ்சதை, துரை சொல்லிக் கேட்டதுதான், நான் மறக்க மாட்டேன். வாசல்ல இருந்து பெரியாஸ்பத்திரி வரைக்கும் வழி நெடுக நின்னாங்க, குழாய்கிட்ட ஒருத்தர், டீக்கடைகிட்ட ஒருத்தர், சாக்கடைப் பாலத்துல சென்னியப்பன், சிக்னல்ல துரை. "செருப்பு வாரை இழுத்து விடறான்." "ஒத்தக் கால்ல நொண்டறான்." "நாயைப் பாத்து ஒதுங்கறான்." "பாலத்துல நின்னு மூச்சு வாங்கறான், காறித் துப்பறான்"னு சென்னியப்பன் கத்தறாரு, தெருவே நின்னு பாக்குது. ஒருத்தர் வாயில இருந்து அடுத்தவர் வாய்க்கு லோகு வந்துக்கிட்டே இருந்தான், வெந்து வேர்த்து, ஒத்தச் செருப்போட. ஆட்டோவுல முன்னாலயே போயி கலாமணிய உள்ள சேத்துட்டு, நான் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வந்தப்ப துரை அவனை அது வரைக்கும் கொண்டாந்துட்டான். அங்க வாட்ச்மேன் கைய நீட்டி மறிச்சுட்டாரு. "புருசன் வரலாம், கூட ஒரு பொம்பளை வரலாம். மத்தவங்கெல்லாம் வெளிய."

அந்த ஒரு பொம்பளை நான். துரை கையெடுத்துக் கும்பிட்டான். "யக்கா, அவசரப்பட்டுறாதக்கா."

செருப்ப அவன் காலடியில போட்டேன். "செருப்பப் போடறான். படியேறறான். இடது கால். வலது கால். கைப்புடியப் புடிக்கறான், பிசுபிசுன்னு இருக்குது, கைய லுங்கியில தொடைக்கறான்." பக்கத்துல வர்றான், மூச்சுச் சத்தம் கேக்குது. "திரும்பறான். செவுத்துல ஒட்டுன கொழந்தை படத்தைப் பாக்கறான். நவுந்து ஸ்ட்ரெச்சருக்கு வழி விடறான்." தாழ்வாரம் நீளமுன்னா நீளம், கடைசியில அந்தக் கதவு. பாதி கூடப் போயிருக்க மாட்டோம், உள்ள இருந்து கலாமணி போட்டா பாருங்க ஒரு சத்தம். "ஐயோ, கதவுகிட்டப் போயிட்டான்!"னு வாய்ல வந்துருச்சுங்க.

பக்கத்துல யாரும் இல்ல. கதவுகிட்டயும் யாரும் இல்ல.

ஓடலாம்னு இருந்துது. அழுகாச்சி முட்டிக்கிட்டு வந்துது. இன்னொரு சத்தம் கேட்டுது உள்ள. திரும்பி நடந்தேனுங்க. அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, அவன் கடைசியா நின்ன எடத்துக்கு, ஸ்ட்ரெச்சருக்கு வழி விட்ட அந்தச் செவுத்தோரத்துக்குத் திரும்பி வந்து நின்னேன். "லோகு செவுத்துல சாஞ்சு நிக்கறான்"னேன். ஒண்ணுமில்ல. "பயத்துல நிக்கறான். கால மாத்தி நிக்கறான். செருப்புக்குள்ள பெருவெரல ஆட்டறான்." ஒண்ணுமில்ல. நர்ஸம்மா கதவத் தொறந்து, "கலாமணி கூட வந்தவங்க யாரு?"ன்னு கத்தறாங்க. நான் வாயத் தொறக்கல, லோகுவ விட்டா வாய்ல வேற வார்த்தை வரக் கூடாது. "எச்சில முழுங்கறான். காதுல வெரல விடறான். கொடையறான். வெரலப் பாக்கறான்."

"ஒண்ணுமில்லக்கா அதுல"ன்னு ஒரு கொரலு.

செவுத்துல சாஞ்சு வெரலப் பாத்துக்கிட்டு நின்னான், நீல லுங்கி நீலமா, கண்ணு செவந்து. நான் மேல சொல்ல வாயெடுத்தேன், அவன் கையக் காட்டி நிறுத்துனான், அவனே சொல்ல ஆரம்பிச்சான். "இப்ப நான் இடது கால வெக்கறேன். இப்ப வலது கால வெக்கறேன். செருப்பு வாரு நழுவுது, வெரலால இழுத்துக்கறேன். இப்ப இடது காலு." அந்தத் தாழ்வாரம் பூராவும் ஒரு எட்டு விடாம நடந்தான். கதவுக்கு வெளிய பெஞ்சுல உக்காரச் சொன்னாங்க, உக்காந்தான், காத்திருந்தான், ஒண்ணுமே நடக்காத அந்த நேரத்தை முழுசா உக்காந்து காத்திருந்தான், காத்தாடி சுத்தறதை ஒவ்வொரு சுத்தா வாய் விட்டுச் சொன்னான், பக்கத்துல இருந்தவங்க எந்திரிச்சு அக்கட்ட போயி உக்காந்தாங்க. அழுகைச் சத்தம் கேட்டப்ப அவன் அங்க இருந்தானுங்க. என்ற தோளைப் புடிச்சுக்கிட்டு இருந்தான், புடிச்ச புடியில நகம் பதிஞ்சு போச்சு.

பொட்டப்புள்ள. கலாமணி வாடுன கீரைத்தண்டாட்டம் கெடந்தா. அவன் புள்ளைய வாங்கறதுக்கு முன்னாடி கைய நீட்டி அவ கண்ணத் தொடைச்சான், கை போயிச் சேந்தப்ப கண்ணீரு இன்னும் அங்கயே இருந்துது. கட்டில் ஓரமா உக்காந்தான். இடது காது மடல் மட்டும் கறுப்பு வெள்ளையாவே நின்னு போச்சு, இன்னைக்கும் அப்படித்தான் இருக்குது, யாரும் அதைக் கேக்கறதில்ல.

"கலா"ன்னான். "அன்னைக்கு முருங்கக்கா வாங்கப் போனயே. அந்த அம்மா உன்னையப் பாத்துட்டுத் தலையச் சாச்சு?"

அவ சிரிச்சா. "விசயம் ஒண்ணும் இல்ல மாமா அதுல."

"இல்லீன்னா என்ன. சொல்லு."

வெளிய காம்பவுண்டு சனம் என்ன புள்ளைன்னு தெரியாம ஆஸ்பத்திரிக் கேட்டப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு நிக்குது, நான் போயிச் சொல்லோணும். ஆனா கலாமணி தலையச் சாச்சு, அன்னைக்கு எந்திரிச்சுப் பல்லு வெளக்குனதுல இருந்து ஆரம்பிச்சா. நானும் உக்காந்துட்டேன்.